வரிசையில் நிற்காதீர்கள்

போன மாதம் சேகர் எனக்கு ஒரு படம் அனுப்பினான். விழுப்புரத்தில் ஒரு அரிசி ஆலையில் பேரிடர் ஒத்திகை. பின்னால் பெரிய பேனர், முன்னால் பொன்னாடை போர்த்திய அதிகாரி, நடுவில் ஆலைத் தொழிலாளர்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. கயிறு பிடித்து நிறுத்தினது போல நேராக நிற்கிறார்கள். "நம்ம ஏற்பாடு எப்படிண்ணே?" என்று கீழே கேட்டிருந்தான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசி சில வருடங்கள் சேகரும் நானும் ஒரே இடத்தில் ஷிப்டு மாற்றிக்கொண்டவர்கள். இப்போது அந்த அரிசி ஆலையில் பாதுகாப்பு வேலை பார்க்கிறான். "வரிசை எதுக்கு?" என்று மட்டும் பதில் போட்டேன். உடனே போன் வந்தது.

"எத காட்டினாலும் நொட்ட சொல்றீங்கண்ணே. கும்பலா ஓடி, ஒருத்தர் மேல ஒருத்தர் வுழுந்து மிதிபடணுமா?"

மிதிபடச் சொல்லவில்லை என்றேன். அவன் விடுவதாக இல்லை. போனில் சொல்லி முடிகிற கதையும் இல்லை. எழுதித் தருகிறேன், அடுத்த ஒத்திகையில் பொன்னாடைக்கு முன்னால் இதைப் படித்துவிடு என்றேன். படிப்பானோ மாட்டானோ, எழுதிவிட்டேன்.

என்னைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. மயிலத்துப் பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் கொல்லை வைத்திருந்த குடும்பம். கேப்பையும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் போடுவோம். ஐ.டி.ஐ.யில் குளிர்சாதன மெஷின் படித்தேன். மரக்காணத்துப் பக்கம் ஓர் ஐஸ் பேக்டரியில் கொஞ்ச காலம் எண்ணெய் துடைத்தேன். அங்கே கற்றது இரண்டு விஷயம்: அம்மோனியாவிடம் வாலாட்டக் கூடாது, முதலாளி வரும்போது உட்கார்ந்திருக்கக் கூடாது. அதன் பிறகு திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில் இருந்த ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

வியாபாரிகள் கொண்டுவந்து அடுக்கும் புளி, மிளகாய், கொத்தமல்லி, மல்லாட்டைப் பயிறு எல்லாம் அங்கே மாதக் கணக்கில் இருக்கும். கத்திரி வெயிலில் வெளியே தார் உருகும், உள்ளே நாங்கள் ஸ்வெட்டரோடு நடப்போம். அறைகளைக் குளிர வைப்பது அம்மோனியா. தடித்த இரும்புப் பைப்புகளில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒழுங்காக உள்ளே ஓடும்வரை அது வேலைக்காரன். வெளியே வந்தால் கண்ணைப் பிடுங்கும், தொண்டையை அடைக்கும், கொஞ்சம் அதிகமாக மூச்சில் இழுத்தால் நுரையீரலை வெந்துபோக வைக்கும். நல்ல குணம் ஒன்றுதான், தண்ணீரைக் கண்டால் அதில் கரைந்துவிடும். அதனால் ஈரத் துண்டு எப்போதும் எங்கள் தோளில் கிடக்கும்.

எங்கள் இன்ஜினியர் சவுரியப்பன் சார். ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடி. பெருக்க வருகிற அம்மாவிலிருந்து முதலாளி வரை எல்லாருக்கும் ஒரே 'ங்க' போட்டுத்தான் பேசுவார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை, ஒரே ஒரு தடவை தவிர. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி ஓரத்தில் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை பேச மாட்டார். எதிரில் நிற்கிறவனுக்கு அது திட்டு வாங்குவதைவிடப் பேஜார்.

காலையில் வந்ததும் மெஷின் ரூம் வாசலில் நின்று ஒரே ஒரு தடவை மூச்சை இழுப்பார். பிறகுதான் உள்ளே கால் வைப்பார். கந்தகத் திரி ஒன்றைக் கொளுத்திப் பைப்பு மூட்டுகளை ஒட்டி மெல்லக் கொண்டுபோவார். எங்காவது அம்மோனியா கசிந்தால் திரியின் புகை அங்கே வெள்ளையாகத் திரண்டு காட்டிக்கொடுக்கும். வால்வு, மூட்டு, வளைவு, ஒன்றையும் விட மாட்டார். என்னையும் கூடவே நடக்க வைப்பார். "நம்ம மூக்க நம்பாதீங்க. இங்கயே கெடந்து அதுக்குப் பழகிப்போச்சு" என்பார்.

அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். டீ கொண்டுவருகிற பெரியவர் வெளியிலிருந்து சைக்கிளில் வருவார். அவர் கேட்டைத் தாண்டியதும் சார் எதிரே போய், "வாசன எதாச்சும் வருதாங்க?" என்று கேட்பார். அவர் இல்லை என்று தலையாட்டினால்தான் டீயைக் கையில் வாங்குவார். பெரியவருக்கு இது பெருமை. எங்கே போனாலும், "நான் போயி மோந்து பாத்தாத்தான் அங்க வேலையே நடக்கும்" என்று சொல்லிக்கொண்டு திரிவார்.

தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு பைப்பை நட்டுப் பழைய வேட்டித் துண்டு ஒன்றைக் கட்டிவைத்திருந்தார் சார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அதைப் பார்த்தால் தெரியும். பார்க்கிறவர்கள் காக்காய் விரட்டுவதற்கு என்று நினைத்துக்கொள்வார்கள்.

எங்கள் வட்டாரத்துக் கடைக்காரர்களும் மில்காரர்களும் ஆபத்துக்கு எப்படித் தயாரானார்கள் என்று சேகர் கேட்டால் சொல்ல நிறைய இருக்கிறது. தீயணைப்பான் எல்லா இடத்திலும் இருக்கும். ஆயுத பூஜைக்கு அதைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவார்கள். அடுத்த ஆயுத பூஜை வரை அந்தச் சந்தனம் அப்படியே காய்ந்து குழாய் வாயை அடைத்துக்கொண்டிருக்கும். திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர், யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அதை பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். சாவி அவர் வீட்டில். மணல் வாளியில் மணலைவிட வெற்றிலை எச்சில்தான் அதிகம் இருக்கும்.

புயல் என்று ரேடியோ சொல்லிவிட்டால் மட்டும் எல்லாரும் சுறுசுறுப்பாவார்கள். மூட்டையெல்லாம் மேலே ஏறும். செங்கல் அடுக்கி, அதன்மேல் பலகை போட்டு, அதன்மேல் மூட்டை, அதன்மேல் தார்ப்பாய். விழுப்புரத்தில் பஸ் ஸ்டாண்டு வரை தண்ணீர் நின்ற வருடங்களில் இந்த ஏற்பாடு நிறைய சரக்கைக் காப்பாற்றியிருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்த மூட்டையை ஏற்றி வைத்த ஆள் எங்கே ஒதுங்குவான் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நிலநடுக்கத்துக்கு ஒரு தடவை விழுப்புரத்துக்குக் கூப்பிட்டார்கள். வியாபாரிகள், மில்காரர்கள், எங்களைப் போன்றவர்கள், ஒரு மண்டபம் நிறைய. பயிற்சி கொடுக்க வந்தவர் மேஜைக்கு அடியில் எப்படிப் பதுங்குவது என்று குனிந்து காட்டினார். அரிசி மண்டிக்காரர் ஒருவர் எழுந்து, "பூகம்பம் நம்ம ஊருக்கு எங்கங்க வரப் போவுது? மழ வந்தா எங்க ஓடறது, அதச் சொல்லுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வந்தவரும் நல்ல மனிதர், அவரும் சிரித்துவிட்டு, "எது வந்தாலும் வெளிய போற வழி ஒண்ணுதாங்க. அதப் பழகிக்குங்க" என்றார். சவுரியப்பன் சார் அதை மட்டும் குறித்துக்கொண்டார். எங்கள் இடத்துக்கே வந்து ஒரு ஒத்திகை நடத்திக் கொடுக்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டார்.

இங்கே எங்கள் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். தெற்கே ரோடு, அங்கேதான் பெரிய கேட். வடக்குச் சுவரில் ஒரு சின்ன இரும்புக் கதவு. அதைத் தாண்டினால் மல்லாட்டைக் கொல்லை, அப்புறம் ஏரி. நடுவில் குளிர் அறைகளும் மெஷின் ரூமும். அறைகளுக்கு முன்னால், கேட்டைப் பார்த்தபடி, லாரியில் சரக்கு ஏற்றும் மேடை. மேற்குச் சுவரை ஒட்டி நீளமான ஷெட். அதில் பெண்கள் உட்கார்ந்து புளி தட்டி, கொட்டையும் நாரும் எடுத்துக் கட்டுவார்கள். ஷெட்டின் ஒரு முனை கேட்டுப் பக்கம், மறு முனை பின்கதவுப் பக்கம். கேட்டுப் பக்கத்து முனையில் சுவரில் ஆணி அடித்திருக்கும். பெண்கள் சாப்பாடு கொண்டுவருகிற ஒயர் கூடைகள் அங்கே வரிசையாகத் தொங்கும்.

அந்தக் கூடைகள்தான் விஷயம். சாயங்காலம் வேலை விட்டால் ஒவ்வொருத்தியும் கூடையை எடுத்துக்கொண்டு கேட்டருகில் வரிசையில் நிற்க வேண்டும். பெரிய கேட் திறக்காது. அதிலேயே இருக்கிற சின்னத் திட்டிவாசல் வழியாக ஒவ்வொருத்தியாகத்தான் வெளியே போக முடியும். வாட்ச்மேன் முனுசாமி கூடையைத் திறக்கச் சொல்லி, கையை விட்டு அடிவரை துழாவிப் பார்த்த பிறகு அனுப்புவார். புளியும் மிளகாயும் வியாபாரிகளுடையது. எடை குறைந்தால் முதலாளிதான் பதில் சொல்ல வேண்டும். முன்பு ஒரு காலத்தில் சரக்கு காணாமல் போனதும் உண்டு. அதனால் இந்த ஏற்பாடு. மழையோ வெயிலோ, ஒரு நாளும் தவறினதில்லை.

பெருமுக்கல்லிலிருந்து வருகிற அஞ்சலை என்ற அம்மா ஒரு தடவை இதில் மாட்டிக்கொண்டாள். அவள் கூடையில் ஒரு உருண்டை புளி இருந்தது. தன் வீட்டு மரத்துப் புளி, போகிற வழியில் அக்காவுக்குக் கொடுக்க எடுத்து வந்தது என்றாள். புளிக்கு என்ன அடையாளம் இருக்கிறது? எல்லாரும் போகும்வரை அவளைக் கேட்டருகில் ஓரமாக நிறுத்திவைத்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொருத்தியாக அவளைப் பார்த்துக்கொண்டே போனார்கள். கடைசியில் முதலாளியே, "சரி, போவட்டும் வுடு" என்றார். திருடவில்லை என்று அவரும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அஞ்சலை வரிசையில் முதல் ஆளாக நிற்பாள். முனுசாமி கேட்பதற்கு முன்பே கூடையைத் திறந்து கவிழ்த்துப் பிடிப்பாள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. அந்த நேரத்தில் மெஷின் ரூமுக்குள் போய்விடுவேன்.

ஒத்திகை நாளில் விழுப்புரத்தில் பயிற்சி கொடுத்தவர் வந்தார். நிலநடுக்கம் வந்தால் முதலில் மேஜைக்குக் கீழே போக வேண்டும் என்று பெண்களிடம் சொன்னார். அஞ்சலைதான் கேட்டாள்: "மேச ஆபீஸுலதானங்க இருக்குது. நாங்க எதுக்குக் கீழ பூறது? புளி மூட்டைக்கா?" ஷெட்டே சிரித்தது. பிறகு சைரன் அடித்தார்கள். பெண்கள் எழுந்தார்கள். புடவையை உதறிக்கொண்டார்கள், ஆணியிலிருந்து கூடையை எடுத்தார்கள், கேட்டருகில் போய் வரிசையாக நின்றார்கள். முனுசாமி திட்டிவாசலைத் திறந்து ஒவ்வொரு கூடையாகக் கையை விட்டுப் பார்த்து அனுப்பினார்.

"இன்னா ஒழுங்குங்க. எத்தனையோ எடத்துக்குப் போறேன், இப்படி எங்கயும் பாக்கல" என்றார் வந்தவர். முதலாளிக்கு வாயெல்லாம் பல். பொன்னாடை போட்டார், போட்டோ எடுத்தார்கள். எல்லாரும் கை தட்டினோம். சவுரியப்பன் சார் தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

வந்தவர் போன பிறகு சார் ஆபீஸுக்குள் போனார். என்னையும் வரச் சொன்னார். "சைரன் அடிச்சா செக்கிங் கூடாதுங்க. பெரிய கேட்ட முழுசா தொறந்து வுட்டுடணும். அவங்க கூடயத் தொடவே கூடாது" என்றார்.

முதலாளி கெட்டவர் இல்லை. யோசித்துத்தான் பேசினார். "சைரன் அடிச்சா செக்கிங் இல்லன்னு வெளிய தெரிஞ்சா, தெனம் எவளாச்சும் சைரன் அடிப்பா. நாளைக்கு எட கொறைஞ்சா வியாபாரி உங்களையா கேப்பான்?"

"கேஸு வெளிய வந்துட்டா கேட்டாண்ட நிக்கவே கூடாதுங்க. காத்து இந்தப் பக்கம் அடிச்சா நேரா அங்கதான் போவும்."

"இத்தன வருசமா வரலியே."

சார் கண்ணாடியைக் கையில் எடுத்தார். முதலாளிக்கு அவர் பழக்கம் தெரியும். கொஞ்சம் இறங்கி வந்தார். எப்போதும் பூட்டியே கிடக்கும் பின்கதவுச் சாவியை ஒரு கண்ணாடிப் பெட்டியில் போட்டுக் கதவருகிலேயே மாட்டலாம், அவசரத்துக்கு உடைத்து எடுத்துக்கொள்ளட்டும் என்றார். கேட் விஷயத்தில் பிடி கொடுக்கவில்லை. பெட்டி வந்தது. சார் ஒவ்வொரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்டினார். கேஸ் வாசனை வந்தால் தொட்டிமேல் வேட்டித் துண்டைப் பாருங்கள், அது எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கம் ஓடாதீர்கள், எதிர்ப்பக்கம் ஓடுங்கள் என்று சொன்னார். பெண்கள் தலையாட்டினார்கள். சாயங்காலம் வழக்கம்போலக் கூடையை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார்கள்.

அது நடந்தது ஐப்பசி மழைக்காலம். ஒரு புயல் கரையைத் தாண்டிப் போய்ச் சில நாள் ஆகியிருந்தது. நாங்கள் புயலுக்கு நன்றாகவே தயாராகியிருந்தோம். ஜெனரேட்டர் உயரமான மேடையில், டீசல் நிறைய, மூட்டைகள் பலகைமேல். ஒரு கிலோ சரக்குகூட நனையவில்லை. எல்லாரும் நிம்மதியாக இருந்த மதியம் அது. சரக்கு மேடைக்கு மேலே போகிற பைப்பில் ஒரு வளைவு, அதன்மேல் குளிர் போகாமல் இருக்கத் தடியாகச் சுற்றிய உறை. அந்த உறைக்குள்ளே தண்ணீர் இறங்கி, வெளியே தெரியாமல் பைப்பு துருப்பிடித்து மெலிந்திருக்கிறது. திரிப் புகை அங்கே எட்டாது. பிறகுதான் இதெல்லாம் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒரு சீறல் சத்தம் மட்டும்.

மெஷின் ரூமில் இருந்தேன். வெளியே பார்த்தால் மேடைமேல் வெள்ளையாகப் புகை கொட்டிக்கொண்டிருந்தது. செய்ய வேண்டியது என்ன என்று சார் பல தடவை நடக்க வைத்திருந்தார், அதனால் யோசிக்க வேண்டி வரவில்லை. கம்ப்ரஷரை நிறுத்தினேன், சைரனை அடித்தேன், முகமூடியை மாட்டிக்கொண்டு ஓடி, அம்மோனியாத் தொட்டியிலிருந்து போகிற பைப்பின் பெரிய வால்வை மூடினேன். எங்களிடம் முகமூடி இரண்டுதான். இன்னொன்றை மாட்டிக்கொண்டு சார் வெளியே ஓடினார். வால்வை மூடினாலும் பைப்பில் மிச்சம் இருப்பது வெளியே வரத்தான் செய்யும். ஹோஸ் பைப்பை எடுத்துத் தண்ணீரை மேடைமேல் அடிக்க ஆரம்பித்தேன்.

வாடைக்காற்று. வேட்டித் துண்டு கேட்டைப் பார்த்துப் பறந்துகொண்டிருந்தது. புகையும் அந்தப் பக்கம்தான் போனது.

தண்ணீரை அடித்துக்கொண்டே கேட்டுப் பக்கம் பார்த்தேன். பெண்கள் முக்கால்வாசிப் பேர் அங்கே வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இருமிக்கொண்டு, கண்ணீர் வழிய வரிசையில் நின்றார்கள். யாரும் யாரையும் தள்ளவில்லை. முனுசாமியும் அவர் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் துண்டை மூக்கில் அழுத்திப் பிடித்திருந்தார். இன்னொரு கை ஒரு கூடைக்குள் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. கை அதுபாட்டுக்குச் செய்தது, அவ்வளவுதான்.

அப்போதுதான் சவுரியப்பன் சார் கத்தினார். முகமூடியைக் கழற்றிவிட்டுக் கத்தினார். "கேட்டத் தொறய்யா!" என்று முனுசாமியைப் பிடித்துத் தள்ளிவிட்டு, கொண்டியைத் தூக்கி இரண்டு கதவையும் முழுசாகத் தள்ளினார். அப்போதும் முன்னால் நின்றவள் கூடையைத் திறந்தே பிடித்துக்கொண்டிருந்தாள். அதைத் தட்டிவிட்டார். "ஓடுங்க. ரோட்டத் தாண்டி ஓடிகினே இருங்க. நிக்காதீங்க" என்றார். அப்புறம்தான் வரிசை கலைந்தது. ரோட்டில் விழுந்து எழுந்து ஓடினார்கள்.

எல்லாரும் வந்தாயிற்றா என்று சார் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மல்லாட்டைக் கொல்லைப் பக்கமிருந்து ஒரு பெண் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். "அஞ்சலக்கா உள்ள பூடுச்சிங்க. நாங்க கூப்டக் கூப்டப் பூடுச்சி" என்று அழுதாள்.

நடந்தது இது. சைரன் அடித்ததும் அஞ்சலைதான் முதலில் வேட்டித் துண்டைப் பார்த்திருக்கிறாள். புளி தட்டுகிற கட்டையால் கண்ணாடியை உடைத்துச் சாவியை எடுத்துப் பின்கதவைத் திறந்திருக்கிறாள். பக்கத்தில் இருந்த சிலரைக் கையைப் பிடித்து இழுத்துக் கொல்லையில் விட்டிருக்கிறாள். அங்கே நல்ல காற்று. தப்பித்தாயிற்று. அதன் பிறகுதான் அவளுக்குக் கூடை நினைவு வந்திருக்கிறது. போகாதே என்று, ஓடி வந்து சொன்ன இந்தப் பெண் பிடித்திருக்கிறாள். அதற்கு அஞ்சலை சொன்னாளாம்: "கண்ணாடிய ஒடச்சிகினு பின்வழியா போனாளே, கூடயக் கூட காட்டலன்னு நாளைக்குப் பேசுவாங்கடி. எடுத்துகினு போயி கேட்டாண்ட காட்டிட்டு வந்துடறேன்."

சாரும் நானும் ஷெட்டுக்குள் போனோம். நான் தண்ணீரை முன்னால் அடித்துக்கொண்டே போக, அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கேட்டுப் பக்கத்து முனையில், ஆணிகளுக்குக் கீழே, முழங்கால் போட்டபடி சாய்ந்து கிடந்தாள். முகத்தில் முந்தானை. முழங்கையில் கூடை மாட்டியிருந்தது. தூக்கினோம். கூடையை எடுக்கப் பார்த்தேன், கை விடவில்லை. அப்படியே கொல்லைக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை கண்ணில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தோம். சாருக்கு அதற்குள் குரலே இல்லை. முகமூடியைக் கழற்றிக் கத்தியதில் அவர் தொண்டையும் புண்ணாகியிருந்தது.

அதற்குப் பிறகு என்னென்ன மாறியது என்று சேகருக்குத் தெரியும், அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் இருந்தது. பைப்புகளின் உறையைப் பிரித்து வளைவுகளையெல்லாம் மாற்றினோம். முகமூடிகள் வாங்கினோம். பின்கதவுக்குப் பூட்டே வேண்டாம் என்று உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்தோம். கேட்டில் கூடை பார்ப்பது நின்றது. சரக்கைப் பூட்டுகிற முறையை முதலாளி மாற்றிக்கொண்டார், எடை குறைந்ததாக ஒரு புகாரும் வரவில்லை. ஏன் நின்றது என்று மட்டும் சேகருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஒத்திகையில் மனிதர்கள் நாம் சொல்வதைச் செய்வதில்லை, தினமும் செய்வதைத்தான் செய்கிறார்கள். சேகர், உங்கள் ஆலையில் வேலை விட்டதும் என்ன நடக்கிறது என்று ஒரு வாரம் கேட்டருகில் சும்மா நின்று பார். பேனர் அடிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. இருந்தாலும் ஆஸ்பத்திரியில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

அஞ்சலை பிழைத்தாள். விழுப்புரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். சில நாள் கழித்து முதலாளி பார்க்க வந்தார். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு, கூடவே சாரும் நானும். வார்டு நிறையக் கூட்டம், எங்கள் பெண்களும் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. பேச்சு காற்றாகத்தான் வந்தது. கூடை கட்டிலுக்குக் கீழே இருந்தது. அவளோடு வந்த நிலையிலேயே யாரோ தள்ளி வைத்திருக்கிறார்கள், யாரும் திறக்கவில்லை. அவள் புருஷன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணுத்துக்கும் கவலப்படாதம்மா. எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார் முதலாளி.

அஞ்சலை குரல் வந்த பக்கம் திரும்பினாள். "யாரு, மொதலாளிங்களா?"

"ஆமாம்மா."

"கூடயப் பாத்தீங்களாங்க?"

முதலாளிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் செத்துப்போயிற்று. "அதெல்லாம் எதுக்கும்மா இப்ப? நீ மொதல்ல ஒடம்பத் தேத்து" என்றார்.

"இல்லங்க. பாத்துடுங்க. எல்லாரும் இருக்கசொல்லவே பாத்துடுங்க." எழுந்து உட்காரப் பார்த்தாள். புருஷன் பிடித்துக்கொண்டார்.

முதலாளி சவுரியப்பன் சாரைப் பார்த்தார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். முதலாளி குனிந்து கூடையை வெளியே இழுத்தார். உள்ளே ஒரு சோற்றுத் தூக்குப் போசி, மழைக்குப் போட்டுக்கொள்கிற பிளாஸ்டிக் தாள், ஒரு சீப்பு. போசியைத் திறந்தார். ஈரச் சோற்றில் அம்மோனியா ஏறி அப்படியே நின்றிருந்தது. திறந்ததும் முகத்தில் அடித்தது. இருமினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"பாத்துட்டம்மா" என்றார். "ஒண்ணும் இல்ல."

"கைய வுட்டுப் பாத்தீங்களா?"

முதலாளி தரையில் குந்தி உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, கூடைக்குள் கையை விட்டு அடிவரை துழாவினார். "பாத்துட்டம்மா. ஒண்ணும் இல்லம்மா" என்றார் மறுபடியும்.

அஞ்சலை கட்டுப் போட்ட கண்ணோடு வார்டுப் பக்கம் திரும்பி, "எல்லாரும் பாத்தீங்கல்ல?" என்று கேட்டாள்.

பார்த்தோம் என்று எங்கள் பெண்கள் சொன்னார்கள். பிறகுதான் படுத்தாள்.